தென்கோடியிலிருந்து வடகோடிக்கு: யூக்கான் பணியாளர் முன்மொழிவுத் திட்டம்

தமிழ்நாட்டு மாவட்டங்களுள் எழுத்தறிவில் முதலிடம் வகிப்பதும் நிலப்பரப்பில் மிகச் சிறியவற்றுள் ஒன்றாக இருப்பதும் கன்னியாகுமரி மாவட்டமாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 18,70,374 பேர் வாழ்ந்தனர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேர் என்னும் அளவுக்கு மக்கள் நெருங்கி வாழும் இம்மண்ணில், படித்தவர் தொகைக்கு ஈடாக வேலைகள் பெருகாமையால், பிழைப்பைத் தேடி ஊர் கடந்து செல்வது பல தலைமுறைகளாகவே குடும்ப வாழ்க்கையின் ஓர் அங்கமாகிவிட்டது. வளைகுடா நாடுகளின் மீன்பிடிப் படகுகளுக்கும் கட்டுமானத் தளங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆட்களை அனுப்பிப் பழகிய இம்மாவட்டத்தில், அண்மைக் காலமாக நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ஆகிய ஊர்களின் கடைவீதிகளில் ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் தேர்வு) பயிற்சி, ஜெர்மன் மொழி வகுப்பு, கனடா பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை) என்னும் விளம்பரப் பலகைகள் மிகுந்து வருகின்றன.

கனடா என்றதும் டொராண்டோவும் வான்கூவருமே பலர் நினைவுக்கு வருகின்றன என்றாலும், அந்நாட்டின் வடமேற்கு மூலையில் அலாஸ்காவை ஒட்டிக் கிடக்கும் யூக்கான் என்னும் ஆட்சிப்பகுதி, உள்ளூரில் ஆள் கிடைக்காத வேலைகளுக்கு அயல்நாட்டவரைப் பெயர் குறித்து அழைத்துக் குடியேற்றிக்கொள்ள ஒரு திட்டத்தை நடத்தி வருகிறது. அத்திட்டம் எவ்வாறு இயங்குகிறது, அதன் எந்தக் கட்டத்தில் பணியாளர் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கிறார், எந்தக் கட்டத்தில் சொந்தக் காலில் நிற்கத் தொடங்குகிறார் என்பவற்றைத் தெளிவாக அறிந்துகொள்வது, நகையை அடகு வைத்தும் நிலத்தை ஒற்றிக்குக் கொடுத்தும் பிள்ளைகளை அனுப்ப எண்ணும் குடும்பங்களுக்கு மிகவும் இன்றியமையாததாகும்.

முன்மொழிவு என்பதன் பொருள்

உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிடுபவரின் வேட்புமனுவை அப்பகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிய வேண்டும் என்பது பலரும் அறிந்ததே. முன்மொழிபவர் வேட்பாளரை வெற்றி பெறச் செய்துவிடுவதில்லை; இவர் நிற்கத் தக்கவர் என்று கையொப்பமிடுவதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. பி.என்.பி. என்று வழக்கில் சொல்லப்படும் கனடாவின் மாகாண முன்மொழிவுத் திட்டமும் இதை ஒத்ததே. அந்நாட்டின் 1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, குடிவரவை ஒன்றிய அரசும் மாகாணங்களும் பகிர்ந்துகொள்ளும் துறையாக வைத்திருக்கிறது. ஆயினும் நெடுங்காலம் ஒன்றிய அரசே ஆட்களைத் தெரிவு செய்துவந்ததால், வந்தவர்களுள் பெரும்பாலோர் சில பெருநகரங்களிலேயே குவிந்தனர். இதனால் ஆள் குறைந்து தவித்த மானிட்டோபா முதலிய மாகாணங்கள், 1990களின் பிற்பகுதியில் ஒன்றிய அரசோடு உடன்பாடு செய்துகொண்டு, தங்களுக்கு வேண்டியவர்களைத் தாங்களே முன்மொழியும் உரிமையைப் பெற்றன. இன்று தனக்கெனத் தனித் தெரிவுமுறை வைத்துள்ள கியூபெக் மாகாணமும், வடகிழக்கிலுள்ள நுனாவுட் ஆட்சிப்பகுதியும் நீங்கலாக, ஏனைய எல்லாப் பகுதிகளும் இத்திட்டத்தை நடத்துகின்றன. யூக்கானில் பணியாளர்களுக்கான பிரிவுகள் 2007ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகின்றன.

இதில் நினைவில் கொள்ள வேண்டிய அடிப்படைச் செய்தி ஒன்று உண்டு. வங்கிப் பெட்டகத்தைத் திறக்க வாடிக்கையாளரின் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தே வேண்டியிருப்பதுபோல, நிரந்தரக் குடியுரிமை என்னும் கதவைத் திறக்க யூக்கான் அரசின் முன்மொழிவும் ஒன்றிய அரசின் ஒப்புதலும் ஒருங்கே வேண்டும். முன்மொழிவு கிடைத்த பின்னரும், உடல்நலச் சோதனை, குற்றப் பின்னணி ஆய்வு, ஆவணங்களின் உண்மைத்தன்மை ஆகியவற்றை ஒன்றிய அரசின் குடிவரவுத் துறை தனியே ஆராய்ந்தே முடிவெடுக்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி எனப்படும், 2015 முதல் நடைமுறையில் உள்ள புள்ளிமுறை வரிசையில் இருப்பவருக்கு முன்மொழிவு 600 புள்ளிகளைக் கூட்டித் தருகிறது. அந்த 600 புள்ளிகள் வரிசையின் முன்னணியில் கொண்டு நிறுத்துமே தவிர, இரண்டாம் சாவியின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடாது. ஆகவே, நாமினேஷன் வாங்கிவிட்டால் பி.ஆர். உறுதி என்று சொல்லிப் பணம் கேட்பவர், பாதியை மட்டும் சொல்லி மீதியை மறைக்கிறார்.

ஆளுக்குப் பன்னிரண்டு சதுர கிலோமீட்டர்

யூக்கானின் பரப்பு 4,82,443 சதுர கிலோமீட்டர். இது தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்குக்கும் மேற்பட்டது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே வாழ்ந்தவர்களோ 40,232 பேர் மட்டுமே. சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டுப் பழகிய குமரி மாவட்டத்தார், அங்கே அக்கணக்கைத் தலைகீழாக்கி, ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சிறு தொகையிலும் பெரும்பகுதியினர் தலைநகரான வைட்ஹார்ஸில் வாழ்கின்றனர். எஞ்சிய ஊர்கள் சில நூறு பேர் முதல் ஓரிரண்டாயிரம் பேர் வரை கொண்டவை.

இந்நிலம் ஆட்களை ஈர்ப்பதிலும் இழப்பதிலும் நெடிய அனுபவம் உடையது. 1896ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிளோண்டைக் ஆற்றுப் பகுதியில் தங்கம் கண்டெடுக்கப்பட்டதும், ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் அத்திசை நோக்கிக் கிளம்பினர் என்றும், அவர்களுள் 30,000 முதல் 40,000 பேர் வரையே சென்று சேர்ந்தனர் என்றும் வரலாறு கூறுகிறது. அவர்கள் தங்கிய டாசன் நகரமோ சில ஆண்டுகளிலேயே ஆளொழிந்து சுருங்கிப்போயிற்று. 1942இல் போர்த் தேவைக்காக அலாஸ்கா நெடுஞ்சாலை அமைக்கப்பட்டபோதும் ஆட்கள் வந்து, வேலை முடிந்ததும் திரும்பினர். வந்தவர் தங்குவதில்லை என்பதே வடகோடியின் தீராத குறை என்பதை உணர்ந்தால், இன்றைய திட்டம் ஏன் பணியாளரின் கைத்திறனை மட்டும் பாராமல், அங்கே குடியிருக்கும் எண்ணத்தையும் கேட்கிறது என்பது விளங்கும்.

அந்நிலம் வெற்றிடமாகவும் இருந்ததில்லை. யூக்கானில் 14 முதற்குடி மக்கள் குழுக்கள் உள்ளன. 1993இல் செய்துகொள்ளப்பட்ட பொது உடன்படிக்கையின் அடிப்படையில் அவற்றுள் 11 குழுக்கள் தங்களுக்கெனத் தன்னாட்சி அரசுகளை அமைத்துக்கொண்டுள்ளன. பேச்சிப்பாறை மலைப்பகுதியில் வாழும் காணிக்காரரின் நில உரிமையைப் பற்றி அறிந்த குமரி மாவட்டத்தார், புதிதாகச் சென்று சேரும் மண்ணுக்கும் தொன்றுதொட்டு உரியவர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு செல்வது மரியாதைக்குரிய தொடக்கமாக அமையும்.

வேலை தருபவரிடமிருந்தே தொடக்கம்

யூக்கான் திட்டத்தின் முதன்மையான இயல்பு, பணியாளர் தாமாகவே அதற்கு மனுச் செய்ய முடியாது என்பதாகும். யூக்கானில் முறைப்படி இயங்கிவரும் ஒரு நிறுவனம், குறிப்பிட்ட வேலைக்கு உள்ளூரிலும் கனடாவின் பிற பகுதிகளிலும் ஆள் தேடி விளம்பரம் செய்து, தக்கவர் கிடைக்கவில்லை என்பதைக் காட்டி, அயல்நாட்டவர் ஒருவரைப் பெயர் குறித்து ஆட்சிப்பகுதி அரசிடம் கேட்க வேண்டும். அந்த வேலை முழுநேர, நிரந்தர வேலையாக இருத்தல் வேண்டும். விண்ணப்பத்தின் வேர் வேலை தருபவரிடம் இருப்பதால், நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் யூக்கான் கோட்டாவில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் பேச்சுக்கு அடிப்படையே இல்லை.

வேலைகள் அங்கே பயிற்சி, கல்வி, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றின் அளவைக்கொண்டு 0 முதல் 5 வரை ஆறு தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மேலாளர், செவிலியர், கணக்காளர், மெக்கானிக், சமையற்கலைஞர் முதலிய 0 முதல் 3 வரையுள்ள வேலைகள் திறன்பெற்ற பணியாளர் பிரிவில் அடங்குகின்றன. உணவகத்தில் பரிமாறுவோர், விடுதி அறைகளைத் துப்புரவு செய்வோர், கடை ஊழியர் முதலிய 4, 5ஆம் தர வேலைகள் அவசியப் பணியாளர் பிரிவில் அடங்குகின்றன. பட்டப்படிப்பு இல்லாதவருக்கும் நிரந்தரக் குடியுரிமைக்கு வழி திறந்து வைத்திருப்பது இந்த இரண்டாம் பிரிவின் சிறப்பாகும். இதற்குக் கேட்கப்படும் ஆங்கிலத் தகுதி, ஐஇஎல்டிஎஸ் பொதுப்பயிற்சித் தேர்வில் கேட்டலுக்கு 4.5, வாசிப்புக்கு 3.5, எழுத்துக்கும் பேச்சுக்கும் 4 என்ற அளவினதே. 0, 1 ஆகிய மேல்தர வேலைகளுக்கோ நான்கிலும் 6 மதிப்பெண் வேண்டும். அம்மதிப்பெண் இரண்டு ஆண்டுகள் மட்டுமே செல்லுபடியாகும்.

நிறுவனம், பணியாளர், ஆட்சிப்பகுதி அரசு ஆகிய மூவரும் கையொப்பமிடும் முத்தரப்பு ஒப்பந்தம் இத்திட்டத்தின் மற்றொரு சிறப்பியல்பாகும். வளைகுடா வேலைகளில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் மட்டுமே நிற்கும் ஒப்பந்தத்தில், இங்கே அரசும் ஒரு தரப்பாக அமர்கிறது. சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறொன்று என்றாலோ, கூலி குறைக்கப்பட்டாலோ, அது அரசு கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை மீறிய செயலாகவே கருதப்படும்.

மூன்று தாள்கள்

இப்பயணத்தில் பணியாளரின் கைக்கு வரும் மூன்று தாள்களை அருகில் வைத்துப் பார்த்தால், அவருடைய நிலை எவ்வாறு மாறிச் செல்கிறது என்பது புலப்படும்.

முதலாவது, ஆஃபர் லெட்டர் எனப்படும் வேலை உறுதிக் கடிதம். இதில் வேலையின் பெயர், அதன் தர எண், பணியிடம் அமைந்த ஊர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு ஊதியம், விமானக் கட்டணமும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். ஊதியம் மாதக் கணக்கில் ரூபாயாக மாற்றிச் சொல்லப்படும்போது பெரிதாகத் தோன்றுவதால், மணிக் கணக்கிலேயே அதை ஒப்பிட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் யூக்கானில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.94 கனடா டாலராக இருந்தது. அதற்குக் கீழே எழுதப்பட்ட எந்தக் கடிதமும் சட்டத்துக்குப் புறம்பானதாகும். அத்தொகையிலிருந்தே வரியும், வீடுகள் அரிதான அந்நகரின் உயர்ந்த வாடகையும், தொலைதூரத்திலிருந்து லாரியில் வந்து சேரும் காய்கறியின் விலையும் கழிய வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, வொர்க் பெர்மிட் எனப்படும் பணி அனுமதி. முன்மொழியப்பட்டவர் நிரந்தரக் குடியுரிமைக்குக் காத்திருக்கும் காலத்தில் வேலை செய்வதற்காக ஒன்றிய அரசு இதை வழங்குகிறது. இத்தாளில் வேலை தருபவரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அப்பெயருக்கு உரியவரிடம் மட்டுமே வேலை செய்யலாம் என்பதே அதன் பொருள். பணியாளர் மிகவும் வலுவற்று நிற்கும் கட்டம் இதுவே. வேலையை விட்டால் அனுமதியும் முன்மொழிவும் ஆட்டம் காணும் என்ற அச்சத்தால், கூடுதல் நேர வேலைக்குக் கூலி கேட்கவும், தவறான நடத்தையை எதிர்த்துப் பேசவும் பலர் தயங்குகின்றனர். இக்குறையை உணர்ந்த கனடா அரசு, வேலையிடத்தில் கொடுமைக்கு ஆளாவோர் எந்த நிறுவனத்திலும் வேலை செய்யத்தக்க திறந்த அனுமதியைக் கேட்டுப் பெறும் ஏற்பாட்டை 2019 ஜூனில் கொண்டுவந்தது. இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது தற்காப்பாகும்.

மூன்றாவது, பி.ஆர். எனப்படும் நிரந்தரக் குடியுரிமைக்கான தாள். இதில் எந்த முதலாளியின் பெயரும் இராது. கனடாவின் உரிமைகள் சாசனத்தின் 6ஆம் பிரிவு, நிரந்தரக் குடியுரிமை பெற்றவர் எந்த மாகாணத்திலும் வாழவும் வேலை செய்யவும் உரிமை தருகிறது. விண்ணப்பிக்கும்போது யூக்கானில் வாழும் எண்ணம் மெய்யாகவே இருந்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. எண்ணமே இல்லாமல் பொய் சொல்லி நுழைந்தது நிறுவப்பட்டால் பெற்ற உரிமையும் பறிபோகலாம். இந்நிலையைத் தக்கவைக்க ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள் கனடாவில் இருத்தல் வேண்டும். 1,095 நாட்கள் இருந்தவர் முழுக் குடிமகனாவதற்கு விண்ணப்பிக்கலாம்.

முதலாளியின் பெயர் எழுதப்பட்ட தாளிலிருந்து பணியாளரின் பெயர் மட்டும் உள்ள தாளுக்குச் சென்று சேர எத்தனை காலம் ஆகும் என்பதே, இத்திட்டத்தைப் பற்றி ஒரு குடும்பம் கேட்க வேண்டிய தலையாய கேள்வியாகும்.

துண்டின் நினைவு

இக்கேள்வி தென் திருவிதாங்கூர் மண்ணுக்குப் புதியதன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைவதற்கு முன் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த இந்நிலத்திலிருந்து, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏழை உழைப்பாளிகள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். கங்காணி கொடுத்த முன்பணமே அவர்களுடைய பயணச் செலவு. அம்முன்பணமே தோட்டத்தில் அவர்களைக் கட்டிப்போட்ட கடன். ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைத் தீர்ப்பவரிடம் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு வேண்டும். தமிழிலேயே துண்டு என வழங்கிய அச்சீட்டு, உழைப்பவரைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றும் கருவியாக இருந்தது. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

யூக்கானின் முத்தரப்பு ஒப்பந்தத்தைத் துண்டு முறையோடு ஒன்றாக வைத்து எண்ணுவது முறையாகாது. இங்கே அரசு ஒரு தரப்பாக இருக்கிறது, நிரந்தர உரிமை முடிவில் கிட்டுகிறது, கூலிக்குச் சட்டப்படி ஒரு கீழ்வரம்பு உண்டு. ஆயினும் ஊரில் பட்ட கடனும் வெளியூரில் ஒரே முதலாளியைச் சார்ந்த அனுமதியும் ஒருவர் தலைமேல் ஒருசேர ஏறினால், சட்டம் ஒழித்த கட்டு வேறு வடிவில் திரும்பி வந்துவிடுகிறது. பத்து இலட்சம் வட்டிக்கு வாங்கிச் சென்றவர் கொடுமையைப் பொறுத்துக்கொள்வார். கடனின்றிச் சென்றவர் புகார் எழுதுவார். ஆகவே கடனைக் குறைப்பதே பணியாளரின் முதல் பாதுகாப்பு.

உரிய கட்டணங்களை அறிந்தவரை எளிதில் ஏமாற்ற இயலாது. 2024 ஏப்ரல் இறுதி நிலவரப்படி, முதன்மை விண்ணப்பதாரர் ஒருவர் நிரந்தரக் குடியுரிமைக்குக் கனடா அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் 1,525 டாலராக இருந்தது. இந்தியாவில், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர், பணியாளரிடம் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே பெறலாம் என விதி உள்ளது. ஓர் ஏஜென்ட் பதிவுபெற்றவரா என்பதை ஒன்றிய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். கனடா தரப்பிலோ, பணம் பெற்றுக்கொண்டு குடிவரவு ஆலோசனை வழங்கும் உரிமை அந்நாட்டு வழக்கறிஞர் முதலிய சட்டத்தொழில் உரிமம் பெற்றோருக்கும், அதற்கென உள்ள கல்லூரி எனப்படும் ஒழுங்காற்று அமைப்பில் உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்குமே உண்டு. வேலை உறுதிக் கடிதத்தை விலைக்கு விற்பது எந்தச் சட்டத்திலும் ஏற்கப்பட்டதன்று. சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், அயலகத் தமிழர் நலத்துறையும் ஐயம் தெளிய அணுகத்தக்க அரசு வாயில்களாகும்.

வடக்கே முன்பே வாழ்ந்த தமிழர்

குளிர்ப் பெருவெளியில் தமிழர் வாழ்வது இயலுமா என்ற ஐயத்துக்கு நார்வேயின் வடகோடி விடை தந்திருக்கிறது. யாழ்ப்பாணக் கரையைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நார்வே சென்று மீன்பிடித் தொழில் கற்று, பின்னர் தம் ஊர் மீனவர் நலனுக்காகச் சீ-நோர் என்னும் அமைப்பை உருவாக்கக் காரணமானார். 1980களில் இலங்கைப் போரின் காரணமாக நார்வே சென்ற தமிழர் பலர், துருவ வட்டத்துக்கு வடக்கேயுள்ள ஃபின்மார்க் மாவட்டத்தின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலையில் சேர்ந்தனர்; உள்ளூரார் செல்ல மறுத்த வேலைகளில் நின்று அக்கடலோர ஊர்களின் தொழிலைத் தாங்கினர். காலப்போக்கில், பிள்ளைகளின் மேற்படிப்பையும் உறவினரின் அருகாமையையும் எண்ணி அவர்களுள் பலர் ஆஸ்லோவுக்குப் பெயர்ந்தனர்.

வேலையும் கூலியும் மட்டும் ஒரு குடும்பத்தை ஓரிடத்தில் நிறுத்திவைப்பதில்லை. பள்ளி, கோயில் அல்லது தேவாலயம், தாய்மொழியில் பேச நாலு பேர், திருமணத்துக்கும் துக்கத்துக்கும் வந்து நிற்கும் சுற்றம் ஆகியவையே நிறுத்திவைக்கின்றன என்பதை அவ்வரலாறு உணர்த்துகிறது. வைட்ஹார்ஸில் பிலிப்பைன்ஸ் நாட்டவர் இம்முன்மொழிவுத் திட்டத்தின் வழியே வந்து, தங்கள் உறவினரையும் வரவழைத்து, இன்று கண்கூடாகத் தெரியும் ஒரு சமூகமாக வளர்ந்திருப்பதும் இதே உண்மையைக் காட்டுகிறது.

செவிலியருக்கு ஒரு குறிப்பு

குமரி மாவட்டத்தின் செவிலியர் மரபு ஆழமானது. லண்டன் மிஷன் சார்பில் 1838இல் நெய்யூரில் தொடங்கிய மருத்துவப் பணியும், 1890களில் நாகர்கோவில் வடசேரியில் சால்வேஷன் ஆர்மி தொடங்கிய மருத்துவமனையும் இப்பகுதிப் பெண்களுக்குச் செவிலியப் பணியைக் கண்ணியமான வாழ்க்கைத் தொழிலாக அறிமுகப்படுத்தின. எவரெஸ்ட் சிகரத்தை எட்ட 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் நடந்த முயற்சிகளில் பங்கேற்ற டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல், பனிமலையை விட்டு நெய்யூருக்கு வந்து நெடுங்காலம் அறுவை மருத்துவராகத் தொண்டாற்றினார். அவர் பனியிலிருந்து இவ்வெயிலுக்கு வந்தார். அவர் காலத்து மருத்துவமனை மரபில் வளர்ந்த பெண்களின் பேத்திகள் இன்று வெயிலிலிருந்து பனியை நோக்கிச் செல்கின்றனர்.

ஆனால் செவிலியம் உரிமம் வேண்டும் தொழிலாதலால், முன்மொழிவு மட்டும் போதாது. இந்தியப் படிப்பும் அனுபவமும் கனடாவில் மதிப்பிடப்பட்டு, என்கிளெக்ஸ் எனப்படும் கணினித் தேர்வில் தேறி, உரிமம் பெற்ற பின்னரே பதிவுபெற்ற செவிலியராகப் பணியாற்றலாம். உரிமம் பெறும் வரை வேறொரு சிறு வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்ற ஆலோசனையை ஏற்பவர், எத்தரத்து வேலைக்குத் தம்மை முன்மொழிகிறார்கள் என்பதைக் கேட்டறிந்தே ஏற்க வேண்டும். பல ஆண்டுகள் தொடர்பற்றுப் போனால், கற்ற தொழிலுக்குத் திரும்புவது கடினமாகிவிடும்.

மாறிக்கொண்டே இருக்கும் எண்ணிக்கை

இத்திட்டத்தின் வாயில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே அகலத்தில் திறந்திருப்பதில்லை. எத்தனை பேரை முன்மொழியலாம் என்ற ஒதுக்கீட்டை ஒன்றிய அரசே வகுக்கிறது. 2024இல் கனடா முழுவதற்கும் 1,10,000 என இருந்த மாகாண முன்மொழிவு இலக்கு, வீட்டுத் தட்டுப்பாட்டையும் குடிவரவு குறித்த பொதுமக்கள் கவலையையும் ஒட்டி, 2025இல் 55,000 ஆகப் பாதியாக்கப்பட்டது. யூக்கானுக்கு 2024இல் இருந்த 430 இடங்கள் 2025இன் தொடக்கத்தில் 215 ஆகக் குறைந்தன. பல மாகாணங்கள் ஏற்கனவே கனடாவுக்குள் தங்கி வேலை செய்வோருக்கு முன்னுரிமை தந்தன. 2026க்கான இலக்கு 91,500 என மீண்டும் உயர்த்தி அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு ஏற்ற இறக்கம் காணும் ஒரு திட்டத்தை நம்பி, இருக்கும் வேலையை முன்கூட்டியே விடுவதோ, நிலத்தை விற்பதோ அறிவுடைமை ஆகாது. உலகமெங்கும் உள்ளவர்கள் போட்டியிடும் சில நூறு இடங்களில், ஊருக்கு ஐம்பது பேரை அனுப்புவதாக ஒரு துண்டறிக்கை உறுதி கூறினால், அந்த எண்ணே அதன் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெயில் அறிந்த உடலும் பனி நிறைந்த ஊரும்

எட்டுப் பாகை வடக்கே அமைந்த குமரியில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழ சரிநிகராக இருக்க, அறுபது பாகைக்கு மேலே அமைந்த வைட்ஹார்ஸில் மார்கழிப் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனி மாதத்திலோ கதிரவன் 19 மணி நேரம் வானில் நிற்கிறான். யூக்கானிலுள்ள ஸ்நாக் என்னும் இடத்தில் 1947 பிப்ரவரி 3ஆம் நாள் பதிவான கழித்தல் 63 பாகை செல்சியஸ், வட அமெரிக்கக் கண்டத்தில் வானிலைக் கருவிகள் பதிந்த கடுங்குளிர்களுள் ஒன்றாகும். நாஞ்சில் நாட்டு வீடுகளில் மார்கழி அதிகாலையில் தேங்காயெண்ணெய் புட்டிக்குள் வெண்மையாக உறைந்து நிற்பதைக் கண்டு குளிர்காலம் வந்துவிட்டது என்பார்கள். அதற்கு 24 பாகைக்குக் கீழே இறங்கினாலே போதும். வைட்ஹார்ஸிலோ கார் இயந்திரத்தின் எண்ணெயே இறுகிவிடும் என்பதால், வண்டிகளின் முன்புறத்தில் மின்கம்பியும் பிளக்கும் தொங்குகின்றன. இரவில் வண்டியை மின்சாரத்தோடு இணைத்து இயந்திரத்தைச் சூடாக வைத்தால்தான் காலையில் அது கிளம்பும். இருளும் தனிமையும் மனத்தைத் தளர்த்தும் என்பதை அங்கு வாழ்வோர் மறைப்பதில்லை. முதல் ஆண்டின் குளிர்காலத்தைத் தாங்குவதற்கான உடைச் செலவும் மன ஆயத்தமும் பயணச் செலவின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

சென்று மீளுதலும் சென்று வாழ்தலும்

வளைகுடாப் பயணம் குமரிக் கடற்கரைக்குக் கற்றுத்தந்த பாடம் சென்று மீளுதல் ஆகும். அங்கே எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் குடியுரிமை கிட்டாது என்பதால், ஈட்டியதெல்லாம் ஊரில் வீடாகவும் சகோதரியின் திருமணமாகவும் மாறியது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஈரான் கரைகளில் சிக்கித் தவித்த மீனவர்களை ஜலஸ்வா கடற்படைக் கப்பல் ஜூலை 1ஆம் நாள் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது, அதில் வந்த 687 பேருள் குமரி மாவட்டத்தாரும் மிகுதியாக இருந்தனர். இடர் வந்தால் திரும்ப வேண்டிய இடம் ஊரே என்பதை அந்நிகழ்வு மீண்டும் உணர்த்தியது.

யூக்கான் திட்டம் வேண்டுவது இதற்கு நேர்மாறானது. அது உழைப்பவரைக் கூலியாளாக மட்டும் அழைக்கவில்லை, மனைவி மக்களோடு வந்து வேரூன்றும் குடியாக அழைக்கிறது. அவ்வழைப்பில் மதிப்பும் உண்டு, விலையும் உண்டு. ஈட்டும் பணத்தின் பெரும்பகுதி அங்கேயே வீட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் செலவாகும். ஊரில் முதிய பெற்றோர் தனித்திருப்பர். இந்தியாவைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கிய அவ்வூரிலிருந்து மகன் காலை ஒன்பதரை மணிக்குப் பேசும்போது நாகர்கோவிலில் தாய்க்கு இரவு பத்து மணி ஆகியிருக்கும். வளைகுடாக் கணக்கைப் போட்டு வடகோடிக்கு அனுப்பும் குடும்பம் ஏமாற்றம் அடையும். வாழ்க்கையையே அங்கு மாற்றி நடுகிறோம் என்று தெளிந்து அனுப்பும் குடும்பம், இழப்பையும் பேற்றையும் சேர்த்தே ஏற்கும்.

எழுத்தறிவில் முதலிடம் பெற்ற ஒரு மாவட்டத்தில், வேலை உறுதிக் கடிதத்தைப் படித்துப் பொருள் கொள்ளத் தெரியாமல் ஒரு குடும்பம் கடனாளியாவது பெரும் துயரம். செவிலியர் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் பங்குப் பேரவைகளும் ஊர்ச் சங்கங்களும், ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி தரும் அதே அக்கறையோடு, இம்மூன்று தாள்களையும் படிக்கப் பயிற்சி தர முன்வர வேண்டும். கடிதத்தில் எந்த ஊர், எந்தத் தரம், மணிக்கு எவ்வளவு. அனுமதியில் யார் பெயர். உரிமைத்தாள் வந்து சேரும் நாள்வரை கைச்செலவுக்கு என்ன வழி. இக்கேள்விகளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு விடை பெற்றபின் அடகுக் கடைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் குடும்பத்துக்கு, வடகோடியின் முன்மொழிவு நல்வாய்ப்பாக அமையக்கூடும். விடை கிடைக்கவில்லை என்றால், நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.